நுண்ணறிவு வினாத்தாளில் இரண்டு பொருள் தரும் வசனங்கள்

திருகோணமலையில் கிழக்கு மாகாண சபையின் அலுவலகங்கள் இருப்பதாலோ என்னவோ, எங்கள் பக்கம் போட்டிப் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்குக் குறைவே இல்லை. உப்புவெளியில் நாங்கள் சிலர் மாலையில் கூடி, கடந்தகால நுண்ணறிவு வினாத்தாள்களைச் செய்து பார்ப்போம். எண் தொடர், உருவத் தொடர் எல்லாம் பயிற்சியில் கைக்கு வந்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளைகளும் புள்ளியை விடுவது தர்க்க வினாக்களில்தான். கணக்குப் பிழைப்பதில்லை, வசனத்தை வாசித்த விதம்தான் பிழைக்கிறது.

'சில' என்பதை எடுங்கள். "சில வள்ளங்கள் பழுது" என்று கரையில் ஒருவர் சொன்னால் மற்றவை நல்லவை என்று விளங்கிக்கொள்வோம். தர்க்கத்தில் 'சில' என்றால் குறைந்தது ஒன்று. எல்லா வள்ளமும் பழுதாக இருந்தாலும் அந்த வசனம் பொய்யாகாது. எனவே "சில வள்ளங்கள் பழுதில்லை" என்ற தெரிவை அதிலிருந்து எடுக்க முடியாது.

'மட்டும்' கூட இப்படித்தான். "அனுமதி அட்டை உள்ளவர்கள் மட்டுமே துறைமுகத்துக்குள் போகலாம்" என்றால், அட்டை இல்லாதவர் போக முடியாது. அட்டை வைத்திருக்கிற எல்லோரையும் உள்ளே விடுவார்கள் என்று அதில் எங்கேயும் இல்லை.

எங்களுக்குள் அதிகம் வாக்குவாதம் நடந்தது "எல்லா மாணவர்களும் வரவில்லை" போன்ற வசனங்களில். ஒருவரும் வரவில்லையா, வராதவர்களும் இருந்தார்களா? தமிழில் இரண்டுமே சரி. இந்த இடத்தில் எது சரியான பொருள் என்று யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள், நேராகத் தெரிவுகளுக்குப் போங்கள். "வராத மாணவர் ஒருவராவது உண்டு" என்று ஒரு தெரிவு இருந்தால் அது இரண்டு பொருளிலும் உண்மை, அதையே எடுங்கள். அப்படி ஒன்று இல்லையா, இரண்டு பொருளையும் தனித்தனியே வைத்துப் பாருங்கள். ஒரு பொருளில் விடையே வராது அல்லது இரண்டு விடை வரும், மற்றதில் ஒரே ஒரு விடை வரும். வினா தயாரித்தவர் நினைத்தது பெரும்பாலும் அந்தப் பொருளைத்தான். அடுத்த வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். "வந்தவர்கள் எல்லோரும் கணிதம் எழுதினார்கள்" என்று தொடர்ந்தால் சிலராவது வந்திருக்க வேண்டும்.

அப்புறம் 'இருந்தால்'. 1966இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் வெளியிட்ட அட்டைப் புதிரைத் தமிழுக்கு மாற்றிச் செய்து பாருங்கள். மேசையில் நான்கு அட்டைகள்: அ, க், 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். "ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கத்தில் இரட்டை எண் இருக்கும்" என்பது உண்மையா என்று பார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? பலர் அ, 4 என்பார்கள். சரியான விடை அ, 7. 4இன் பின்னால் மெய்யெழுத்து இருந்தாலும் விதி உடையாது. 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடையும். இதை வாசித்து விளங்குவதைவிட, கடதாசியை வெட்டி எழுதி உண்மையாகவே திருப்பிப் பார்ப்பது நல்லது.

இருக்கை ஒழுங்கு வினாக்களில் "வலப்பக்கம்" என்பதும் "உடனடுத்த வலப்பக்கம்" என்பதும் ஒன்றல்ல. வட்ட மேசை என்றால் மையத்தை நோக்கி இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் படத்தைக் கீறுங்கள்.

"தரவு போதாது" என்ற தெரிவைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் வசனம் குழப்புகிறது என்பதற்காக மட்டும் அதற்குப் போகாதீர்கள். தந்த தகவல்களுக்கு ஒத்துவந்து, வினாவுக்கு வெவ்வேறு விடை தரும் இரண்டு நிலைமைகளைக் கீறிக் காட்ட முடிந்தால்தான் தரவு போதாது.

பயிற்சிக்கு இருவராக இருங்கள். விடையைப் பார்க்கும் முன் அந்த வசனம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று ஆளுக்கொரு தாளில் எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு தாளும் எங்கே வேறுபடுகிறதோ, அன்றைக்கு அந்த வசனத்தைப் பேசித் தீர்த்தால் போதும்.