1155 பின்கள்

அக்டோபர் 1, 2025, புதன்

ஆயுத பூஜைக்காகக் கணினிப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாகிவிட்டது. நாளை மதியம் வரை அதைத் தொடக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. காற்றுத் துளைகளின் மேலேயே பொட்டு வைத்திருக்கிறாள். உள்ளே சேர்ந்திருக்கும் பதினான்கு ஆண்டுத் தூசியோடு இனிக் குங்குமமும் சேரும்.

அக்டோபர் 2, வியாழன்

இன்று கைக்கடிகாரத்தை வைத்து அளந்தேன். தலபுராணத்தின் வருடிய (ஸ்கேன் செய்த) பக்கம் ஒன்றை எழுத்தாக மாற்ற டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள் 41 விநாடி எடுத்துக்கொள்கிறது. மொத்தம் 412 பக்கங்கள் என்பதால், ஓர் அமைப்பை மாற்றிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினால் ஏறக்குறைய நாலே முக்கால் மணி நேரம் ஆகிறது. அதன் பிறகுதான் ‘ழ’ வர வேண்டிய இடங்களில் ‘மு’ வந்திருப்பது தெரிகிறது. என் விடுப்போ 24ஆம் தேதி முடிகிறது.

அக்டோபர் 4, சனி

இரவு முழுவதும் பிராசசர் நினைவுதான். (‘செயலி’ என்று எழுதலாம் என்றால், அந்தச் சொல்லைக் கைப்பேசிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், ஆகவே பிராசசர் என்றே எழுதுகிறேன்.) இப்போது இருப்பது பென்டியம் ஜி620. 2011இல் வந்த இரண்டாம் தலைமுறைச் சில்லு. இரண்டே கோர்கள், 2.6 கிகாஹெர்ட்ஸ். எழுத்துணரி மென்பொருளின் கணக்குகளை விரைவுபடுத்தும் ஏ.வி.எக்ஸ். கட்டளைகளும் அதில் இல்லை. மதர்போர்டு எச்61 வகை என்பதால், பிராசசர் உட்காரும் இதே சாக்கெட்டில் இன்டெலின் வேகமான ஐ5 வைக்கலாம். எந்த ஐ5 என்பதில்தான் சிக்கல். இரண்டாம் தலைமுறையின் ஐ5-2400 எடுத்தால் பயாஸை (மதர்போர்டிலேயே இருந்து கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளை) தொடாமலேயே வேலை முடியும். ஆனால் அது 95 வாட் சில்லு, பெட்டியின் காற்றோட்டமோ சுமார்தான். மூன்றாம் தலைமுறையின் ஐ5-3470 எடுத்தால் நான்கு கோர்கள், 3.2 கிகாஹெர்ட்ஸ், 77 வாட்தான். ஆனால் 2011இன் பயாஸுக்கு அந்தத் தலைமுறையை அடையாளம் தெரியாது என்பதால், பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட்டுத்தான் மாற்ற முடியும். புதுப்பிக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் மின்சாரம் போய்விட்டால் மதர்போர்டு வெறும் தகடாகிவிடும். மின்சாரம் போகாத இரண்டு நிமிடம் என்று ஐப்பசி மழைக்கு முன்னால் யார் எனக்கு எழுதிக் கொடுப்பார்கள்?

அக்டோபர் 5, ஞாயிறு

3470 தான் என்று அக்கா மகனிடம் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 8, புதன்

சென்னையிலிருந்து பார்சல் வந்தது. ரிச்சி தெருவில் 1,400 ரூபாய்க்கு வாங்கி, ஒரு வார டெஸ்டிங் வாரண்டி என்று சீட்டிலும் எழுதி வாங்கியிருக்கிறான். பிளாஸ்டிக் கூட்டைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மேல் தகட்டில் எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன; ஒரு மூலையில் தங்க நிறத்தில் சிறிய முக்கோணம். அடிப்பக்கத்தில் வரிசை வரிசையாகத் தட்டையான புள்ளிகள் மட்டுமே உள்ளன. பின்கள் இருப்பது மதர்போர்டின் சாக்கெட்டில். எண்ணிக்கை 1155, ஒவ்வொன்றும் முடியை வளைத்து நட்டது போல இருக்கும். அவற்றில் ஒன்று வளைந்தாலும் கதை முடிந்தது. இதை நினைத்தால் வயிற்றில் தையல் போட்ட இடம் இழுக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

யு.பி.எஸ்.ஸுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாகப் போட்டாயிற்று. பேட்டரியைக்கூட நான் தூக்கக் கூடாது என்று கடைப் பையனை வைத்தே மாட்டச் சொன்னாள் அக்கா. இரண்டு கிலோ சொச்சம்தான் இருக்கும்.

அக்டோபர் 10, வெள்ளி

பயாஸ் புதுப்பித்தாகிவிட்டது. காலை ஐந்தரை மணியைத் தேர்ந்தெடுத்தேன். அந்த நேரத்தில் தெருவில் மோட்டார் போடுபவர் எவரும் இல்லை. பென்டிரைவிலிருந்து கோப்பைக் காட்டியதும், அணைக்காதே என்ற எச்சரிக்கையும் ஒரு நீலப் பட்டையும் திரையில் தோன்றின. அந்தப் பட்டை 60 விழுக்காட்டில் நின்றபோது நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை. சமையலறையில் அக்கா மிக்சியைப் போடப் போனதை மட்டும் கத்தித் தடுத்தது நினைவிருக்கிறது. மின்சாரம் கடைசிவரை போகவில்லை.

ஒன்பது மணிக்குப் போயிற்று.

அக்டோபர் 12, ஞாயிறு

அக்கா மகன் நேற்று இரவு வந்தான். பெட்டியை மேசைக்குத் தூக்கியதும் அவன், பிராசசர் மேலிருக்கும் விசிறிக் கூலரைக் கழற்றியதும் அவன். நான் நாற்காலியில் உட்கார்ந்து டார்ச் பிடித்தேன். கூலரை அகற்றியபோது சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பழைய தெர்மல் பேஸ்ட் வெற்றிலைப் பெட்டியில் காய்ந்த சுண்ணாம்பு போலப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. புண்ணுக்குக் கட்டுப் போட வாங்கிய ஸ்பிரிட்டால் அதைத் துடைக்கலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. அதில் எண்ணெய் கலந்திருக்கலாம் என்று நான் மறுத்ததால், அவன் மருந்துக்கடைக்குப் போய் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி வந்தான். பழைய சில்லை எடுத்ததும் சாக்கெட் திறந்து கிடந்தது. டார்ச்சை அசைத்தால் நெல் வயலில் காற்று போனது போல ஒளி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடுகிறது. எங்காவது ஒரு பின் வளைந்திருந்தால் அந்த ஓட்டத்தில் தடை தெரியும் என்று அவன் சொன்னான். நான் நான்கு முறை ஓடவிட்டேன். புதியதை முக்கோணம் பார்த்து வைத்து, நெம்புகோலை அழுத்தியபோது ‘நறநற’ என்று ஒரு சத்தம் வந்தது. அது இயல்பான சத்தம்தானாம். உளுந்தளவு பேஸ்ட், அதன் மேல் அவன் கொண்டுவந்த, நடுவில் பழைய காலணா போலச் செம்பு தெரியும் கூலர். அதன் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளையும் எதிரெதிர் மூலையாக அவன் அழுத்தினான். மதர்போர்டு வளைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இயக்கினால் விசிறி சுற்றுகிறது. திரையில் ஒன்றுமே இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

அவன் விடியற்காலை ரயிலில் போய்விட்டான், திரை இன்னும் இருட்டுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10க்கு வழக்கமான இற்றைகள் இன்றோடு நிற்கின்றன என்று எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்திருக்கிறது. விண்டோஸ் 11க்கு இந்தப் பெட்டி தகுதியில்லாதது என்பதால், இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்லி மூன்று பேர் தொலைபேசியில் அறிவுரை சொன்னார்கள். நான் வைத்திருப்பது லினக்ஸ் என்பதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதுவும் இப்போது திரையில் இல்லை.

மாலையில் எதற்கும் பார்க்கலாம் என்று ராம் எனும் நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பென்சில் அழிரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். படம் வந்துவிட்டது! இன்டெல் கோர் ஐ5-3470 என்று பயாஸ் எழுதிக் காட்டியது. தேதியை மட்டும் 2011 என்று காட்டியது. மதர்போர்டில் தேதியைக் காத்துவைக்கும் நாணய பேட்டரியும் செத்திருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

ஒரு பக்கத்துக்கு 11 விநாடிதான் ஆகிறது. ஆனால் வெப்பநிலை 105 டிகிரியைத் தொட்டுவிட்டு, சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. சும்மா இருக்கும்போதே 58 காட்டுகிறது. பேஸ்ட் குறைந்துவிட்டதா, அதிகமாகிவிட்டதா, அல்லது நான் கண்ணை மூடிய நேரத்தில் ஏதாவது நடந்துவிட்டதா என்று தெரியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

கூலரின் ஊசிகளை ஒவ்வொன்றாக விரலால் மெல்ல இழுத்துப் பார்த்ததில், பின்பக்க இடது ஊசி சும்மா கையோடு வருகிறது. அது மதர்போர்டைத் துளைத்து மறுபக்கம் விரியவே இல்லை. மூன்று காலில் நிற்கும் நாற்காலி போலக் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. கட்டைவிரலால் ஒரே அழுத்து அழுத்தினால் முடிந்துவிடும். மருத்துவர் எடை தூக்கக் கூடாது என்றுதான் சொன்னார். அழுத்தக் கூடாது என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

அக்காவே அழுத்தினாள். தேங்காய் துருவும் கை. ‘டக்’ என்றது. இப்போது சும்மா இருக்கையில் 39, முழு வேலையில் 68.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு இடையே ஒன்றேகால் மணி நேரத்தில் 412 பக்கங்களும் ஓடி முடிந்தன. ‘மு’ இன்னும் அங்கங்கே ‘ழ’வின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

அமைப்பை மாற்றி மறுபடி ஓட்டுகிறேன்; 66 டிகிரி. மழை பிடித்துக்கொண்டது, மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது, யு.பி.எஸ். கீச்சிட்டுக்கொண்டிருக்கிறது. பக்கம் 212.