எருசலேமில் ஒரு வெள்ளி மாலை

எருசலேமில் யூதர்கள் ஜெபிக்கும் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு மரப்பாலம் மேல்நோக்கிப் போகிறது. ஆலயம் இருந்த மலைக்கு எங்களைப் போன்ற வெளியாட்கள் ஏறும் வழி அது. வியாழன் காலை வரிசையில் நின்றபோது அங்கிருந்த பலகையைப் படித்தேன். இந்த இடம் பரிசுத்தமானது, ஆகவே உள்ளே நுழைவதை யூத நியாயப்பிரமாணம் தடைசெய்கிறது என்று தலைமை ரபீக்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லா யூதரும் இதை ஏற்பதில்லை. ஆனாலும் பக்தி மிகுந்த பலர் இன்றும் அங்கே கால் வைப்பதில்லை. பரிசுத்த ஸ்தலம் என்றால் நாம் பஸ் பிடித்துக் கூட்டமாகப் போகிறவர்கள். பரிசுத்தமானது, அதனால் வராதே என்றால்?

கி.பி. 70இல் ரோமர் ஆலயத்தை இடித்தார்கள். அதன் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலம் இருந்த இடத்தைத் தெரியாமல் மிதித்துவிடக்கூடாதே என்ற பயம் அந்த யூதர்களுக்கு. சாலொமோன் கட்டிய ஆலயத்தில் அந்த அறை நீளம், அகலம், உயரம் எல்லாமே 20 முழம்தான். பாவநிவாரண நாளில் மட்டும் பிரதான ஆசாரியர் தனியாக உள்ளே போவார்.

பரிசுத்தம் என்றால் அழுக்கில்லாமை என்றே ஞாயிறு பள்ளியிலிருந்து நினைத்திருந்தேன். எபிரெயத்தில் தீட்டில்லாததற்கு ‘தாஹோர்’ என்று தனிச்சொல் இருக்கிறது. ‘கதோஷ்’ வேறு: கடவுளுக்கென்று பிரித்து வைத்தது. லேவியராகமம் 10ஆம் அதிகாரம் இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறது. யூதர்கள் திருமணத்தைச் சொல்லும் ‘கித்துஷின்’கூட இதே வேரில் பிறந்ததுதான். ஒருவருக்கென்று ஒருவர்.

நம் வேதாகமம் ‘பிரதிஷ்டை’ என்று சொல்லும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது ‘கையை நிரப்புதல்’. ஆரோனை ஆசாரியராக்கும்போது அவருடைய வலது காதுமடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் ஆட்டுக்கடாவின் இரத்தத்தைப் பூசுகிறார் மோசே. அப்புறம் கொழுப்பையும் அப்பத்தையும் அவர் உள்ளங்கைகளில் வைக்கிறார். கை நிறைந்துவிட்டது, இனி அந்தக் கை வேறு எதையும் பிடிக்க முடியாது. இரத்த வாடையும் பிசுக்குமாக நடந்த காரியம் அது. நான் கற்பனை செய்திருந்த வெள்ளை அங்கிப் பரிசுத்தம் அல்ல.

வெள்ளிக்கிழமை மாலை மறுபடியும் சுவருக்குப் போனோம். பெண்கள் பகுதியில் நல்ல கூட்டம். ஜெபித்து முடித்தவர்கள் சுவருக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்து போனார்கள். ஒருத்தி என் காலை மிதித்துவிட்டுச் சிரித்தாள். கல்லிடுக்கில் வைக்க வீட்டார் பெயர்களை எழுதலாமென்று தாளையும் பேனாவையும் எடுத்தேன். பக்கத்தில் நின்ற பாட்டி என் கைமேல் கை வைத்து, “ஷபாத்” என்றார்.

சூரியன் இறங்கிவிட்டது, ஷபாத் என்னும் ஓய்வுநாள் தொடங்கிவிட்டது. ஓய்வுநாளில் எழுதுவதும் வேலைதான். ஆதியாகமத்தில் கடவுள் முதன்முதலாகப் பரிசுத்தமாக்கியது மலையையோ கட்டடத்தையோ அல்ல, ஒரு நாளை. வியாழக்கிழமை முழுக்க இங்கேதான் சுற்றினேன், அப்போதே எழுதியிருக்கலாம். சரி, பேனாவைப் பைக்குள் போட்டேன். பெயர்களை ஒவ்வொன்றாக வாயாலேயே சொன்னேன். பாட்டி தன் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார்.