தேனி பஸ் முழுக்க மாமியார்கள்

நாம் நல்ல அம்மாவா இல்லையா என்று தெரிந்துகொள்ள ரொம்ப மெனக்கெட வேண்டாம், கைக்குழந்தையோடு மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினால் போதும், செக்கானூரணி வருவதற்குள் ரிசல்ட் கையில் வந்துவிடும்.

மகளுக்கு ஐந்து மாதம். 2015-ல் தமிழ்நாடு முழுக்க பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்டும் அறை திறந்தார்களே, அதில் உட்கார்ந்து வயிறு நிறையக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினேன். ஆனால் நாகமலை தாண்டி அவள் வீறிட்டதும் பஸ்ஸே சேர்ந்து "பிள்ளைக்குப் பசிக்குது" என்றது. இப்பத்தான் குடிச்சா என்றேன். "அப்ப உனக்குப் பால் பத்தல." எடை குறித்த தடுப்பூசி அட்டை பையில் இருந்தது, எடுத்து நீட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

முன்சீட்டுப் பாட்டி, பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கிறது, எங்கேயோ சுளுக்கு, சேலையில் போட்டு உருட்டினால் சரியாகும் என்றார். பக்கத்து அக்கா அதெல்லாம் இல்லை, கண்ணுதான் பட்டிருக்கிறது என்றார். பின்னாலிருந்து ஒருத்தர் காலில் சாக்ஸ் இல்லையே என்றார். மே மாதம், மத்தியானம். சரி, எதற்கு வம்பு என்று சாக்ஸை எடுத்து மாட்டினால், "இந்த வெக்கைல யாராச்சும் சாக்ஸ் போடுவாங்களா?" என்று எதிர் சீட். ஷட்டருக்கும் இதே கதை, ஒருத்தர் இறக்கச் சொல்ல இன்னொருத்தர் ஏற்றச் சொல்ல, என் தோள்பட்டைதான் கழன்றது.

அடுத்து தண்ணீர். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், வெயில் காலத்திலும் தண்ணீர் வேண்டாம், பாலில் இருக்கிற தண்ணீரே போதும் என்று உலக சுகாதார நிறுவனத்திலிருந்து ஊசி போடுகிற நர்ஸம்மா வரை எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "நாங்கல்லாம் ஆறு பெத்து வளக்கல?" என்றார் பாட்டி. இதற்கு எந்த நிறுவனத்திடமும் பதில் கிடையாது. அதோடு விடாமல் சுருக்குப்பையிலிருந்து வசம்பை எடுத்து, ஊருக்குப் போய் தேனில் உரசி நாக்கில் தடவு என்றார். ஒரு வயதுக்குள் தேனே கூடாது பாட்டி, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப் பிள்ளை குடலில் போய் விஷமாகிவிடும் என்றேன். யாரோ "படிச்ச பொண்ணு" என்றார்கள். அந்தத் தொனியில் சொன்னால் அது வசவு.

உசிலம்பட்டியில் பஸ் நின்றது. கூடையோடு ஒருவர் ஏறி "வெள்ளரிப் பிஞ்சேய்ய்ய்" என்று ஒரு இழுப்பு இழுத்தார். மகள் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரையே வாய் பிளந்து பார்த்தாள், அப்புறம் சிரித்தாள். உடனே "நாந்தான் சொன்னேன்ல, சாக்ஸைக் கழட்டினதும் சரியாயிருச்சு" என்று ஒரு குரல், ஷட்டர் கட்சிகள் இரண்டும் ஆளுக்கொரு வெற்றி அறிவித்தன. பாட்டி மட்டும் கண்ணேறு அக்காவிடம், வசம்பு வாசத்துக்கே அடங்கிருச்சு பாத்தியா என்றார்.

இத்தனை களேபரத்திலும் பிள்ளையின் அப்பா பின்சீட்டில் ஜன்னலில் தலை சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு, ஆண்டிப்பட்டிக் கணவாய் வந்ததும் பாட்டி அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையைத் தட்டி, "ஏத்தா, மூஞ்சில காத்து அடிக்குது பாரு, அந்தப் பிள்ளைக்கும் ஒரு துண்டை எடுத்துக் காதைக் கட்டி விடு" என்றார்.