வளாகத்துக்குள்தானே

பணிமனை வரைபடங்கள் உலாவியில் திறக்க நான் செய்த ஏற்பாட்டைக் காட்டி, "தம்பி, இதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாமா?" என்று சேமிப்பறைப் பொறுப்பாளர் கேட்டார். "நம் வளாகத்துக்குள்தானே சார்" என்றேன். அந்த 'தானே' இன்னும் உறுத்துகிறது.

அதற்கு முன் இருந்தது, வரைபட எண்ணைச் சொடுக்கினால், பகிர்வு இயக்ககத்தில், அதாவது அலுவலகத்தின் பொது வட்டில், இருக்கும் கோப்பைப் புதிய சாளரத்தில் திறக்கும் ஒற்றை வரி ஸ்கிரிப்ட் (சிறு நிரல்). இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஆண்டுக்கணக்காக ஓடியது. 2023 பிப்ரவரி 14 அன்று மைக்ரோசாஃப்டின் புதிய உலாவியான எட்ஜின் புதுப்பிப்பு அந்தப் பழைய உலாவியை நிரந்தரமாக முடக்கியது. எட்ஜில் சொடுக்கினால் எதுவும் நடக்கவில்லை. மவுஸ் பழுது என்று பணிமனையிலிருந்து அழைத்தார்கள். உலாவி பிழைச் செய்திகளைக் காட்டும் கன்சோலில் மட்டும், உள்ளூர்க் கோப்பைத் திறக்க அனுமதியில்லை என்ற சிவப்பு வரி. எங்கிருந்தோ வரும் பக்கம் நம் வட்டைத் தொடக்கூடாது என்பதற்கான தடை அது. நியாயமானதுதான்.

வேலை நின்றிருந்தது. பைத்தான் என்ற நிரல்மொழியோடு வரும் சிறிய சர்வரை, அதாவது கோப்புகளை மற்றக் கணினிகளின் உலாவிக்கு அனுப்பும் நிரலை, என் கணினியில் ஒரே கட்டளையில் ஓடவிட்டேன். பழைய பாதைகளை மாற்ற நேரமில்லாததால் இயக்ககம் முழுவதையும் அதற்குக் காட்டினேன். பத்து நிமிடத்தில் வரைபடங்கள் திறந்தன. பொறுப்பாளர் அப்படிக் கேட்டது அப்போதுதான்.

முன்பு கோப்பைத் திறந்தது அவரவர் கணக்கு. அனுமதி இல்லாதது திறக்காது. இப்போது எல்லோருக்காகவும் படித்தது என் கணக்கு. எனக்குத் திறக்கும் கதவெல்லாம் எல்லோருக்கும் திறந்தது, விடுப்புக் கடிதங்களோடு வந்த மருத்துவச் சான்றிதழ்கள் உட்பட. மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

அவசரம், வேறு வழியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஆதரவு 2022 ஜூன் 15 அன்றே முடிந்துவிட்டது. எட்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டிருந்தவன் நான். அந்த அவசரத்தை வேறு யாரும் உண்டாக்கவில்லை. இன்றும் அதே சர்வரைப் பயன்படுத்துகிறேன், என் கணினிக்கு வெளியே தெரியாதபடி கட்டிவைத்து. மறுபடி பணிமனை நின்றால் பொறுமையாக இருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்தச் சான்றிதழ்கள் இருந்த கோப்புறையை மூடும்போது பொறுப்பாளர் பெயரிலும் ஒரு சான்றிதழ் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாரா, பொதுவாகக் கேட்டாரா? அவரிடம் கேட்டால் நானும் பார்த்தேன் என்று தெரிந்துவிடும். இன்றுவரை கேட்கவில்லை.