சீருடையும் அரிசி மூட்டையும்

ஜூன் 2, கடலூர்

ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினத்தில் தன்னார்வலர்களுக்கு வகுப்பு. போர் நடக்கும் இடத்தில் நிவாரணக் குழுக்கள் ராணுவத்தோடு எவ்வளவு ஒட்டலாம், எங்கே விலக வேண்டும் என்று பேசப் போகிறேன். இன்றைய தேதியிலிருந்தே தொடங்கலாம். 2004 ஜூன் 2 அன்று ஆப்கானிஸ்தானின் பத்கிஸ் மாகாணத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 24 ஆண்டுகள் அங்கே இருந்த அமைப்பு, அடுத்த மாதமே கிளம்புவதாக அறிவித்தது. கொலைக்குச் சில வாரங்கள் முன்புதான், உதவி தொடர வேண்டுமானால் தாலிபான் பற்றித் தகவல் கொடுங்கள் என்று அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படையின் துண்டுப் பிரசுரங்கள் வந்திருந்தன. அப்புறம் ஊசி போட வருகிறவரை உளவாளி இல்லை என்று யார் நம்புவார்கள்?

ஜூன் 4

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா மாலையில் வந்தார். வகுப்பைப் பற்றிச் சொன்னதும் பிடித்துக்கொண்டார். "1987ல இதே நாள்தான்டா நம்ம விமானப்படை யாழ்ப்பாணத்துல நிவாரணம் போட்ட 'பூமாலை' நடவடிக்கை. முந்தின நாள் நிவாரணத்தோட போன நம்ம படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிடுச்சு. விமானப்படை போகலேன்னா யாழ்ப்பாணத்துல எப்படி அரிசி விழுந்திருக்கும்?"

ஐந்து சரக்கு விமானம், துணைக்கு மிராஜ் போர் விமானங்கள், சுமார் 25 டன். ஒரு குடாநாட்டுக்கு அது எத்தனை வேளைக்குக் காணும்? பசிக்குப் போட்டதைவிடக் கொழும்புக்குச் சொன்ன சேதிதான் அதில் அதிகம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

2009ஐ எடுத்தேன். இலங்கையின் இறுதிப்போர் நடந்த புதுமாத்தளனில் காயம்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. கடற்படையிடம் பேசாமல் அது நகர்ந்திருக்காது. பேசுவது வேறு, அவர்கள் வண்டியிலேயே ஏறிப் போவது வேறு. இதற்குச் சித்தப்பா "ம்" என்றார். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிது.

ஜூன் 7

வகுப்பில் மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி நேராகக் கேட்டாள்: "2015 வெள்ளத்துல எங்க பாட்டியைச் சீருடைக்காரங்கதானே சார் படகுல ஏத்துனாங்க?"

வெள்ளத்துக்கு எதிர்த்தரப்பு கிடையாது என்றேன். நிவாரணத்தில் ராணுவத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு, பேரிடருக்கு 1994இல் ஆஸ்லோ வழிகாட்டி, போர்ச்சூழலுக்கு 2003இல் தனி வழிகாட்டி என்று ஐ.நா. பிரித்து வைத்ததும் அதனால்தான். வேறு வழியே இல்லாதபோதுதான் ராணுவத்தைக் கூப்பிட வேண்டும். அப்போதும் பாலம் போடட்டும், பாதை சரிசெய்யட்டும், மூட்டையை மக்கள் கையில் நாம் கொடுப்போம்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் பின்னர் ஆப்கானிஸ்தானின் குந்தூஸில் நடத்திய மருத்துவமனையைச் சொன்னபோது கூடம் அடங்கிவிட்டது. இருப்பிட விவரத்தை முன்கூட்டியே கொடுத்திருந்தும் 2015 அக்டோபரில் அமெரிக்க விமானம் அடித்தது. 42 பேர் செத்தார்கள். "அப்போ பேசி என்ன சார் பிரயோஜனம்?" என்றாள் அதே பெண். பேசாவிட்டால் கேட்கக்கூட வாய் இருக்காது என்றேன். அவளுக்கு அது போதவில்லை, எனக்கும்தான்.

அடுத்த வகுப்புக்குச் சித்தப்பாவும் வருகிறாராம். வண்டியில் ஒட்டியிருக்கும் 'ஆர்மி' ஸ்டிக்கரோடுதான் வருவாராம்.