முப்பத்தாறு பின்களும் ஒரு பெயரும்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடியில் இருக்கிறது எங்கள் பட்டறை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் அதிர்வு மேசைமேல் வைத்த டீ கிளாஸ் வரைக்கும் தெரியும். அந்த லாரிகளை எடை போடும் எடைமேடைகளுக்குத்தான் நாங்கள் திரை செய்கிறோம். வண்டி மேடையில் ஏறியதும் எடை, வண்டி எண், ஓட்டுநர் பெயர் மூன்றும் வெளியே தெரிய வேண்டும். பெயர் தமிழில் வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வெயிலில் வரிசையில் நிற்கும் மனிதர் தன் பெயரைத் தன் எழுத்தில் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

திரையை இயக்க நாங்கள் எடுத்துக்கொண்ட மைக்ரோகன்ட்ரோலர், அதாவது ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி, எஸ்டிஎம்32எஃப்429. உள்ளே 256 கேபி (கிலோபைட்) ரேம், அதாவது தற்காலிக நினைவகம், உண்டு. அதில் 64 கேபி பகுதியைத் திரைக்குப் படம் அனுப்பும் சுற்று தொடவே முடியாது. மீதி 192. எங்கள் திரையோ 480-க்கு 272 புள்ளி, புள்ளிக்கு 2 பைட். பெருக்கினால் ஒரே ஒரு படத்துக்கு 255 கேபி வருகிறது. ஆக, வெளியே எஸ்டிரேம் என்ற நினைவகச் சிப் ஒன்றை வைத்தே ஆக வேண்டும். 8 எம்பி (மெகாபைட்) சிப் ஒன்றை வைத்தோம்.

சிப்பை மின்சுற்றுப் பலகையில் ஒட்டிவிட்டால் நினைவகம் வந்துவிடாது. அதை எழுப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கடிகாரத் துடிப்பு கொடுத்து 100 மைக்ரோ விநாடியாவது பொறுக்க வேண்டும். பிறகு ‘வங்கி’ என்று சொல்லப்படும் நினைவகப் பகுதிகள் எல்லாவற்றையும் மூடி, சில முறை புதுப்பித்து, எந்த முறையில் வேலை செய்ய வேண்டும் என்பதைச் சிப்புக்குள் எழுத வேண்டும். கடைசியாகப் புதுப்பிப்பு எண். எஸ்டிரேமில் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும். காசிமேட்டில் மீன்மேல் விடாமல் ஐஸ் போடுவது போல, 64 மில்லி விநாடிக்குள் 4096 வரிசைகளையும் ஒருமுறை தொட்டாக வேண்டும். வரிசைக்கு 15.625 மைக்ரோ விநாடி. 90 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் அது 1406 துடிப்பு. மைக்ரோகன்ட்ரோலரின் கையேடு சொல்லும் 20-ஐக் கழித்தால் 1386. இந்தக் கணக்கைத் தாளில் மூன்று முறை போட்டுப் பார்த்த பிறகுதான் நிரலில் எழுதினேன்.

திரை முதல் முயற்சியிலேயே ஒளிர்ந்தது. 8 எம்பி முழுவதும் எழுதிப் படித்துப் பார்க்கும் சோதனையை இரவெல்லாம் ஓடவிட்டேன். காலையில் வந்து பார்த்தபோது ஒரு பிழையும் இல்லை.

பெயரை எழுதியபோதுதான் சிக்கல் வந்தது. ‘முருகன்’ என்று உள்ளிட்டேன். கட்டங்களும் கேள்விக்குறிகளும் வந்தன. படம் கண்ணாடி போல இருக்கிறது, எடை சரியாக இருக்கிறது, பெயர் மட்டும் உடைகிறது. தமிழ் எழுத்துரு மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாளை அதிலேயே கழித்தேன். ‘தமிழை எடுத்துவிடலாமே’ என்று ஒருவர் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இப்போதும் நினைவிருக்கிறது.

பலகைகளுக்குப் பற்றவைக்கும் அக்கா எண்ணூர்க்காரர். இருபது வருடமாக இதே வேலை. என் மேசைக்கு வந்து நின்று கேட்டார்: “தம்பி, இந்தச் சிப்பில் நான் வைத்த கால்களெல்லாம் ஆடுகின்றனவா?”

கால்களில் மின்குறி மாறிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. வரைபடத்தை விரித்து, சிப்புக்குப் போகும் இணைப்புகளை இருவரும் எண்ணினோம். தரவுக்கு 16, முகவரிக்கு 12, வங்கிக்கு 2, கட்டளைக்கும் கடிகாரத்துக்கும் 6, பைட் தேர்வுக்கு 2. மொத்தம் 38. என் நிரலில் 36 பின்கள், அதாவது மைக்ரோகன்ட்ரோலரின் கால்கள், மட்டுமே இருந்தன. பைட் தேர்வுக்கான பிஇ0, பிஇ1 இரண்டையும் நான் அமைக்கவே இல்லை. அக்கா மின்னலையைக் காட்டும் கருவியான ஆசிலோஸ்கோப்பின் முனையைப் பைட் தேர்வுக் கால் ஒன்றில் வைத்தார். கருவியின் திரையில் ஒரு நேர்கோடு. பக்கத்தில், நான் அமைத்திருந்த வேறொரு காலில் வைத்தார். அலை துள்ளியது. மறுபடி முதல் காலில் வைத்தார். நேர்கோடு.

பைட் தேர்வுக் கம்பிகளின் முக்கிய வேலை இதுதான். 16 பிட், அதாவது இரண்டு பைட், அகலத்தில் ஒரு பைட்டை மட்டும் எழுதும்போது, பக்கத்துப் பைட்டைத் தொடாதே என்று சிப்பிடம் சொல்வது. எங்கள் பலகையில் அந்த இரண்டையும் மின்தடை வழியாகத் தரையோடு இணைத்திருந்தோம். ஆகவே சிப் எப்போதும் இரண்டு பைட்டையும் எழுதியது. நான் உடனே 11, 22, 33, 44 என்று நான்கு பைட்களைத் தனித்தனியாக எழுதிப் படித்தேன். 22-ம் 44-ம் இருந்தன. 11-ம் 33-ம் அழிந்திருந்தன.

எல்லாம் விளங்கியது. படத்தின் புள்ளி 2 பைட், சேர்ந்தே எழுதப்படுகிறது. என் இரவுச் சோதனையும் 16 பிட்டாகத்தான் எழுதியது. எடை உள் ரேமில் இருக்கிறது. பெயர் மட்டும் வெளி ரேமில், பைட் பைட்டாக எழுதப்படுகிறது. எழுத்துகளைப் பைட்களாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘முருகன்’ என்பது எழுத்தும் துணைக்குறியும் சேர்ந்து 7 குறி, குறிக்கு 3 பைட், 21 பைட். ஒவ்வொரு பைட்டும் தன் பக்கத்து வீட்டை இடித்துக்கொண்டே போயிருக்கிறது. தமிழ்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தெரிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

திருத்தம் ஒரே வரி. பதிவேற்றிவிட்டு அக்காவைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். தயங்கித் தயங்கித் தன் அப்பாவின் பெயரை எழுதினார். கட்டுமரம் ஓட்டியவர், இப்போது இல்லை. பெயர் முழுதாக, புள்ளியும் கொம்பும் தவறாமல் வந்தது. அக்கா அதை அழிக்கவிடவில்லை. மாலை வரை திரையில் அப்படியே இருந்தது.

இப்போது எங்கள் நினைவகச் சோதனை 32, 16, 8 பிட் என மூன்று அகலத்திலும் எழுதுகிறது. பட்டறையை விட்டு இறங்கும் ஒவ்வொரு பலகையும் கடைசியாக எழுதிப் படிப்பது அந்தப் பெயரைத்தான்.