371 மார்க், பிடித்தது வரலாறு: காசில்லாமல் கல்லூரி தேடிய கதை

பிளஸ் டூவில் நான் எடுத்தது 600க்கு 371. தமிழ் 86, ஆங்கிலம் 52, வரலாறு 74, பொருளியல் 61, வணிகவியல் 55, கணக்குப் பதிவியல் 43. 2022இல் ரிசல்ட் வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் அழவும் இல்லை, மிட்டாய் வாங்கவும் இல்லை. 550க்கு மேல் எடுத்த பிள்ளைக்கு வழி சொல்ல ஊரே வரும், ஃபெயிலானால் துணைத்தேர்வு இருக்கிறது, நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு "ஏதாவது ஒரு டிகிரி போட்டு வை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். போன மாதம் சித்தி பையன் கிட்டத்தட்ட இதே மார்க்கோடு வந்து, "அக்கா, எனக்கு சோஷியல்தான் பிடிக்கும், எங்கே சேரலாம்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த முட்டாள்தனம். பஸ் ஸ்டாண்டில் பெரிய போர்டு வைத்திருந்த ஒரு சுயநிதிக் கல்லூரிக்குத்தான் அப்பாவும் நானும் முதலில் போனோம். ஏசி அறை, குளிர்ந்த தண்ணீர், "வாங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போடும் ஆள். வரலாறு என்றதும் அவர் சிரித்துவிட்டார், அந்தத் துறையே அங்கே கிடையாது. பி.காம். சிஏ (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) எடுத்துக்கொள்ளச் சொன்னார்: ஆண்டுக்கு 38 ஆயிரம், கல்லூரி பஸ்ஸுக்கு 22 ஆயிரம் தனி. கணக்குப் பதிவியலில் 43 எடுத்தவளை பி.காமில் தள்ளினால் மூன்று ஆண்டும் அரியர்தான் என்று எனக்கு அப்போதே தெரியும், ஆனாலும் தலையாட்டிவிட்டேன். அப்பா தறி ஓட்டுகிறவர். திரும்பி வரும்போது பஸ்ஸில் விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். முன்பணம் கட்டாமல் வந்தது மட்டும்தான் அன்றைக்கு நாங்கள் செய்த நல்ல காரியம்.

என்னைத் திருப்பிவிட்டவர் எங்கள் பள்ளி வரலாறு டீச்சர். அவர் சொன்ன ஒரு விஷயம் இன்றைக்கும் பலருக்குத் தெரியவில்லை. வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், தமிழ் இலக்கியம் எல்லாம் பழைய துறைகள். அதனால் அவை பழைய கல்லூரிகளில்தான் இருக்கும், அதாவது அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும். விளம்பரம் செய்யும் புதுக் கல்லூரிகள் பெரும்பாலும் இந்தப் பாடங்களைத் தொடுவதே இல்லை. காசில்லாதவனுக்கு எது மலிவோ அதுவும், கலைப் பாடம் பிடித்தவனுக்கு எது வேண்டுமோ அதுவும் ஒரே வாசலில் கிடைக்கிறது, நாம்தான் வேறு வாசலில் போய் நிற்கிறோம்.

அரசு கலைக் கல்லூரியில் இளநிலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பல்கலைக்கழகத்துக்கு என்று சில்லறையாகக் கொஞ்சம் வரும். நான் சேர்ந்த அன்று கட்டியது 2,400 ரூபாய்க்குச் சற்று மேல், கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். உதவி பெறும் கல்லூரியில் மட்டும் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஒரே வளாகம், ஒரே பெயர், ஒரே கேட், ஆனால் உள்ளே இரண்டு பிரிவு: உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு. இரண்டுக்கும் கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வரலாறு, பொருளியல் போன்றவை பல கல்லூரிகளில் உதவி பெறும் பிரிவில் இருக்கும். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று பார்க்காமல் டிக் அடித்துவிட்டு, அப்புறம் ரசீதைப் பார்த்து முழித்தவர்கள் என் தோழிகளிலேயே இருக்கிறார்கள்.

அரசுக் கல்லூரிகளுக்கு டிஎன்ஜிஏஎஸ்ஏ (TNGASA) என்ற அரசின் சேர்க்கை இணையதளத்தில் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கலாம். நான் போட்டபோது விண்ணப்பத்துக்கு 48, பதிவுக்கு 2, ஆக 50 ரூபாய். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். இதில் சுமாரான மார்க்காரர்கள் மனதில் வைக்க வேண்டியது, தரவரிசை ஒன்றல்ல என்பது. பொதுவான பாடங்களுக்கு மொழிப் பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களைக் கூட்டி 400க்குப் பார்ப்பார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கை வைத்துத் தனி ரேங்க், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க்கை வைத்துத் தனி ரேங்க். என் 400க்கு 233ஐ வைத்துப் பார்த்தால் நான் எங்கேயோ கடைசியில். தமிழ் 86ஐ வைத்தால் ஓரளவு முன்னால். 371 என்ற மொத்த மார்க்கை யாரும் சீந்தவே இல்லை! மொத்தத்தைப் பார்த்து மனசு விட்டுப்போகிற பிள்ளைகள் முதலில் ஒரு தாளில் நான்கு பாடக் கூட்டல், தமிழ், ஆங்கிலம் என்ற மூன்று எண்ணையும் தனித்தனியாக எழுதிப் பார்க்கட்டும்.

சரி, நான் எப்படிக் கோட்டைவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். விண்ணப்பம் போட்டது எங்கள் தெரு பிரவுசிங் சென்டரில். கூட்டம் அதிகம், ஓடிபி வந்து சொல்ல நேரமாகும் என்று அந்த அண்ணன் தன் செல் நம்பரையே போட்டுவிட்டார். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. கலந்தாய்வு தேதி குறுஞ்செய்தி அவருக்குப் போனது, தினம் நூறு மெசேஜ் வருகிற ஆள், அவர் பார்க்கவில்லை. தமிழ், ஆங்கிலப் பாடங்களுக்குத் தனி நாள் வைத்திருந்தார்கள், அது முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தமிழ் இலக்கிய இடம் போயே போச்சு. அம்மா அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. வீட்டு நம்பர், வீட்டு மெயில், கடவுச்சொல் மூன்றும் நம் கையில் இருக்க வேண்டும். அதோடு, கலந்தாய்வை ஒவ்வொரு கல்லூரியும் தனியாக நடத்துவதால் அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்தையும் தினம் ஒரு தடவை பார்க்க வேண்டும், முடிந்தால் நேரில் போய் நோட்டீஸ் போர்டையே பார்த்துவிடலாம்.

அடுத்த கட்டக் கலந்தாய்வுக்குப் போனேன். பழைய கட்டடத்தின் நீளமான ஹால், இரும்பு நாற்காலிகள், முன்னால் ஒரு கரும்பலகை. பலகையில் பாடம் வாரியாக, ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி என்று கட்டம் போட்டு மீதி இடங்களைச் சாக்பீசில் எழுதியிருந்தார்கள். ஒருவர் சேரச் சேர ஒரு அண்ணன் எண்ணை அழித்து ஒன்று குறைத்து எழுதுவார். பி.காம். கட்டங்கள் பதினொரு மணிக்குள் பூஜ்யமாகிவிட்டன, உடனே ஹாலில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அப்பா மஞ்சள் பையில் ஜெராக்ஸ் கட்டை வைத்துக்கொண்டு அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரைக் கூப்பிட்டபோது வரலாற்றில் எங்கள் பிரிவில் இன்னும் மூன்று இடம் இருந்தது. "எக்கனாமிக்ஸும் இருக்கு, ஹிஸ்டரியும் இருக்கு, எதும்மா வேணும்?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் ஹிஸ்டரி என்று சொல்லிவிட்டேன்.

எந்தக் கல்லூரி என்று தேர்வு செய்யும்போது பெயரை வைத்து மயங்க வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரி 1840இல் தொடங்கியது, ராணி மேரி 1914இல், கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854இல். இவையெல்லாம் பழம்பெருமை உள்ள இடங்கள், முயற்சி செய்யலாம்தான். (கும்பகோணத்தில் படித்த கணிதமேதை ராமானுஜனுக்கே மற்ற பாடங்களில் மார்க் வராமல் உதவித்தொகை போனது, சுமாரான மார்க்காரர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்.) ஆனால் சென்னையில் இடம் கிடைத்து, அங்கே தங்கவும் சாப்பிடவும் மாதாமாதம் செலவாகும் என்றால் கட்டணம் குறைவு என்பதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு அரசுக் கல்லூரி இருந்தால் அதற்கே என் ஓட்டு, பெண்களுக்கு 2021லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே இல்லை. தூரம் என்றால் நலத்துறை விடுதிகளை விசாரியுங்கள். இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், தங்குவதும் சாப்பாடும் இலவசம்.

கையில் வரும் பணமும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், நான் முதலாண்டு படிக்கும்போதுதான், 2022 செப்டம்பரில், தொடங்கினார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இப்போது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. என் புத்தகம், செமஸ்டர் ஃபீஸ் எல்லாம் அந்தப் பணத்திலேயே ஓடிவிட்டது. முதல் பட்டதாரி சான்றிதழுக்காக நாங்கள் தாலுகா ஆபீஸுக்கு மூன்று நடை நடந்தோம், அந்தக் கட்டணச் சலுகை பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு, பி.ஏ.வுக்கு அது உதவவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

தமிழ் வழியா ஆங்கில வழியா என்று கேட்டால் அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்கள் பட்டத்தையும் தமிழ் வழியில் முடித்தால் டிஎன்பிஎஸ்சியில் 20 சதவீத இடஒதுக்கீடு கிடைக்கிறது. அது சின்ன விஷயமே இல்லை. பட்டத்தின் பெயரையும் பாருங்கள். வரலாறு, பொருளியல் என்று நேராக இருந்தால் தொல்லை இல்லை. பெயரில் புதுசாக ஏதாவது ஒட்டு சேர்ந்திருந்தால், பின்னால் ஆசிரியர் வேலைக்கோ அரசு வேலைக்கோ போகும்போது இது அதற்கு இணையான பட்டம்தான் என்று அரசாணை தேடி அலைய வேண்டிவரலாம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையில் நிரந்தரப் பேராசிரியர்கள் இரண்டே பேர், மற்றவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்கள் நன்றாகவே நடத்தினார்கள், ஆனால் சம்பளப் பிரச்சினையில் போராட்டம் என்றால் ஒரு வாரம் வகுப்பு இருக்காது. கழிப்பறையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. சேர்வதற்கு முன் ஒரு வேலை நாளில் போய் நூலகம் திறந்திருக்கிறதா, அதில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். மரத்தடியில் நிற்கிற மூன்றாம் ஆண்டு அக்காவிடம் ஐந்து நிமிடம் பேசினால் இணையதளத்தில் இல்லாததெல்லாம் வந்துவிடும்.

"வரலாறு படிச்சா என்ன வேலை?" என்று சித்தி கேட்டார். பி.காம். படித்து எட்டு அரியர் வைத்திருக்கும் என் தோழிக்கு என்ன வேலையோ அதைவிடக் குறைந்து போகாது என்றேன். நான் 68 சதவீதத்தில் முடித்தேன், இப்போது பி.எட். படித்துக்கொண்டே குரூப் 2வுக்குத் தயாராகிறேன், தேறுவேனா என்பது அப்புறம்.

சித்தி பையனுக்குக் கடைசியாகச் சொன்னது டிசியைப் பற்றி. இடம் உறுதியாகாத எந்தக் கல்லூரியிலும் அசல் டிசியைக் கொடுத்துவிடாதே, என் வகுப்புத் தோழி ஒருத்தி அப்படிக் கொடுத்துவிட்டு, அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு அதைத் திரும்ப வாங்க ஆறு நாள் அலைந்தாள், ஏழாவது நாள் கலந்தாய்வு முடிந்துவிட்டது. டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக், ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ், ஆறு போட்டோ. அவன் மறுநாளே எடுத்துவிட்டான், போட்டோவில் மட்டும் முடி வெட்டாமல் நிற்கிறான்.